மூன்று அறைகள், மூன்று புராசசர்கள், ஒரே ரிமோட்: எப்படி நிரல்படுத்துவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் வீட்டில் படம் பார்க்கும் அறை, கூடம், படுக்கையறை என மூன்று இடங்களில் மூன்று கட்டுப்பாட்டுப் புராசசர்கள் (ரிமோட்டின் கட்டளையை வாங்கிக் கருவிகளை இயக்கும் பெட்டிகள்) இருக்கின்றன. முதல் இரண்டு அறைகளிலும் ஒரே மாடல் ஏவி ரிசீவர் (ஒலி, பட இணைப்புகளைச் சேர்த்து ஒலிபெருக்கிகளை இயக்கும் கருவி). மூன்று ரிமோட்களுக்குப் பதில் ஒன்று போதும் என்று எண்ணி, மூன்றின் நிரலையும் ஒரே ரேடியோ ரிமோட்டில் ஏற்றியிருக்கிறீர்கள். இப்போது கூடத்தில் ஒலியைக் கூட்டினால் பட அறையிலும் கூடுகிறது. சில நேரம் பொத்தானை அழுத்தினால் எதுவுமே நடப்பதில்லை. ஒரே ரிமோட்டால் மூன்றையும் ஆள முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளும் ஒரே வேரிலிருந்து வருகின்றன: ரிமோட்டிலிருந்து புறப்படும் கட்டளை, தான் எந்த அறைக்குப் போகவேண்டும் என்பதைச் சுமந்து செல்லவில்லை. அந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டால் மற்றவை பொறுமையாகச் செய்யவேண்டிய வேலைகள் மட்டுமே.

சாதாரண அகச்சிவப்பு ரிமோட் என்ன அனுப்புகிறது என்று பாருங்கள். பரவலாகப் பயன்படும் என்இசி முறையில், 38 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் துடிக்கும் ஒளி முதலில் 9 மில்லி விநாடி எரிகிறது, 4.5 மில்லி விநாடி அணைகிறது. பிறகு 8 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்ற ஒரு குறி) சாதன முகவரி, அதன் தலைகீழ் வடிவம் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), 8 பிட் கட்டளை, அதன் தலைகீழ் வடிவம். மொத்தம் 32 பிட். சோனியின் முறை 40 கிலோஹெர்ட்ஸில் 12, 15 அல்லது 20 பிட்களை அனுப்புகிறது. பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 முறை 36 கிலோஹெர்ட்ஸில் 5 பிட் முகவரியும் 6 பிட் கட்டளையும் கொண்டது. இந்த முகவரிகள் எல்லாம் ‘இன்ன வகை ரிசீவர்’ என்று மட்டுமே சொல்கின்றன. ‘கூடத்தில் இருக்கும் ரிசீவர்’ என்று சொல்ல இவற்றில் இடமே இல்லை. இத்தனை காலம் அந்தக் குறையை மறைத்து வைத்திருந்தவை சுவர்கள். ஒளி சுவரைத் தாண்டாது. அதனால் எந்த அறையில் அழுத்தினீர்களோ அந்த அறைக் கருவி மட்டும் கேட்டது.

ரேடியோ ரிமோட்டுக்கு மாறியதும் சுவர் இல்லாமல் போகிறது. 418 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் அலை வீடு முழுவதும் பரவுகிறது. மூன்று புராசசர்களும் அதைக் கேட்கின்றன. மூன்றும் தத்தம் எமிட்டர்கள் (கருவியை நோக்கி அகச்சிவப்பு ஒளி வீசும் சிறு விளக்குகள்) வழியாக அதே அகச்சிவப்புக் கட்டளையைக் கக்குகின்றன. இதைத் தடுக்கத்தான் இந்த வகைப் புராசசர் பெட்டிகளில் முகவரித் திருகு (சுழற்றி எண்ணைத் தேர்ந்தெடுக்கும் விசை) ஒன்று வைத்திருக்கிறார்கள். யூஆர்சி நிறுவனத்தின் எம்ஆர்எஃப் வரிசை நல்ல எடுத்துக்காட்டு: பெட்டியில் 16 நிலைகள் கொண்ட சிறு திருகு இருக்கும், ரிமோட்டின் நிரலில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அது எந்த எண்ணுள்ள பெட்டியின் கீழ் வருகிறது, அந்தப் பெட்டியின் எந்த எமிட்டர் துளை வழியாகப் போகிறது என்று குறிப்பிடவேண்டும். மூன்று பெட்டிகளும் ஆலையிலிருந்து வந்த அதே எண்ணில் இருந்தால், நீங்கள் சொன்ன குழப்பம் நிச்சயம் வரும். முதல் வேலையாக மூன்று பெட்டிகளின் திருகுகளையும் போய்ப் பாருங்கள். பட அறைக்கு 1, கூடத்துக்கு 2, படுக்கையறைக்கு 3 என்று வையுங்கள். பிறகு நிரலில் ஒவ்வொரு சாதனத்தையும் திறந்து அதே எண்ணைக் கொடுங்கள். ஒன்றை விட்டுவிட்டாலும் அது பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் அப்படி விடுபடுவது ஒலிக்கான சாதனம்தான். ஏனென்றால் ஒலிப் பொத்தான்களை மற்ற பக்கங்களுக்கு நகலெடுத்திருப்போம், அந்த நகல்கள் முதலில் சுட்டிய ரிசீவரையே இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும்.

‘எதுவுமே நடப்பதில்லை’ என்ற இரண்டாவது கோளாறுக்கு வருகிறேன். இத்தகைய ரிமோட்களில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அகச்சிவப்பு மட்டும், ரேடியோ மட்டும், இரண்டும் என மூன்று தேர்வுகள் இருக்கும். ‘இரண்டும்’ என்று வைத்திருந்தால், ரிமோட்டின் முன்பக்கத்திலிருந்து ஒரு கட்டளையும் பெட்டியின் எமிட்டரிலிருந்து அதே கட்டளையும் சற்று முன்பின்னாகக் கருவியைச் சேரும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் பிட்கள் கலங்கி, கருவி எதையும் புரிந்துகொள்ளாது. தனித்தனியாக விழுந்தால் இன்னும் மோசம்: ஒரே பொத்தானால் மாறிமாறி இயங்கும் மின்கட்டளை முதல் முறை கருவியை எழுப்பும், இரண்டாம் முறை உறங்க வைக்கும். புராசசர் வழியாகப் போகும் எல்லாச் சாதனங்களையும் ‘ரேடியோ மட்டும்’ என்று மாற்றிவிடுங்கள். ஆர்சி-5 வகைக் கருவி இருந்தால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அந்த முறையில் ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் ஒரு பிட் மாறவேண்டும். பழைய ரிமோட்டைக் காட்டி ஒரே ஒரு முறை கற்பித்த கட்டளையில் அது மாறாது. கருவி ‘இன்னும் விரலை எடுக்கவில்லை போலும்’ என்று எண்ணி இரண்டாவது அழுத்தத்தைப் புறக்கணிக்கும். கற்பித்த கட்டளையை நீக்கிவிட்டு மென்பொருளின் தரவுத்தொகுப்பில் இருக்கும் கட்டளையைப் போட்டால் சரியாகிவிடும்.

முகவரிகளைப் பிரித்த பிறகும் ஒரு வாசல் திறந்தே இருக்கும். பட அறையும் கூடமும் அடுத்தடுத்து, நடுவில் திறந்த கதவோ கண்ணாடியோ இருந்தால், ஒரு பெட்டியின் வலுவான அகச்சிவப்பு வீச்சு அடுத்த அறை ரிசீவரையும் தொடும். இரண்டும் ஒரே மாடல் என்பதால் இரண்டும் கீழ்ப்படியும். இதற்கு உற்பத்தியாளர்களே வழி வைத்திருக்கிறார்கள், பலருக்கு அது தெரிவதில்லை. யமஹா ரிசீவர்கள் பலவற்றில் ரிமோட் அடையாளத்தை 1 அல்லது 2 என்று மாற்றலாம். ஆன்கியோவில் 1, 2, 3 என்று மூன்று அடையாளங்கள். மற்ற சில நிறுவனங்களின் கருவிகளிலும் இதுபோன்ற அமைப்பு உண்டு. கையேட்டில் ‘ரிமோட் ஐடி’ என்ற தலைப்பில் தேடுங்கள். கூடத்து ரிசீவரை இரண்டாம் அடையாளத்துக்கு மாற்றி, அதற்குரிய கட்டளைத் தொகுதியை நிரலில் ஏற்றுங்கள். மாற்றிய கணத்திலிருந்து பழைய கட்டளைகள் அந்த ரிசீவரில் வேலை செய்யாது. பயப்படவேண்டாம், நாம் விரும்புவது அதைத்தான். கூடவே, அறை முழுக்க வீசும் பிளாஸ்டருக்குப் பதிலாகக் கருவியின் உணரி மீது ஒட்டும் சிறு எமிட்டர்களைப் பயன்படுத்துங்கள். உணரி எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், கருவியின் முகப்பில் கைவிளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கரும் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் சிறு வட்டமாகவோ குமிழாகவோ தெரியும்.

இதுவரை சொன்னது உங்களிடம் இருப்பதை ஒழுங்குபடுத்தும் வழி. ஆனால் மூன்று புராசசர்களை ஒரு ரிமோட்டின் கீழ் நீண்டகாலம் நிம்மதியாக வைத்திருக்க வேண்டுமானால் இன்னும் ஆழமான ஒரு முடிவை எடுக்கவேண்டும். அறைகளின் நிலையை யார் நினைவில் வைத்திருப்பது? ரிமோட்டா, புராசசரா?

ஒருவழி ரேடியோ ரிமோட்டில் மேக்ரோ (ஒரே அழுத்தத்தில் ஓடும் கட்டளை வரிசை) ரிமோட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘படம் பார்’ என்று அழுத்தினால், ரிமோட் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றில் அனுப்புகிறது. நடுவில் ஒன்று தொலைந்தால் யாருக்கும் தெரியாது. பெட்டி திரும்பப் பேசாது. இரண்டாவது ரிமோட் ஒன்று வீட்டில் இருந்தால், அது செய்ததை முதல் ரிமோட் அறியவே அறியாது. ஓர் அறைக்கு இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. மூன்று அறைகள் சேரும்போது, ரிமோட்டின் மனத்தில் ஒரு வீடும் உண்மையில் வேறொரு வீடும் உருவாகிவிடுகின்றன.

இருவழியில் பேசும் புராசசரில் மேக்ரோ புராசசரிலேயே இருக்கும். ரிமோட் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும்: ‘அறை 2, படம்.’ மற்றதைப் புராசசர் பார்த்துக்கொள்ளும். நீங்கள் பாதியில் எழுந்து போனாலும், ரிமோட்டைச் சோபாவின் இடுக்கில் போட்டாலும், தொடங்கிய வேலை முடியும். அறையின் நிலையும் ஒரே இடத்தில் இருக்கும். எத்தனை ரிமோட்கள் வந்தாலும் அவை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளும். அதனால் என் உறுதியான கருத்து இது: ரிமோட்டுக்கு நினைவு கொடுக்காதீர்கள். அது விரல் பதியும் பலகையாக மட்டும் இருக்கட்டும்.

அப்படியானால் மூன்று புராசசர்களில் எது மூத்தது என்று முடிவுசெய்யவேண்டும். கன்ட்ரோல்4 போன்ற அமைப்புகளில் இந்தக் கேள்விக்கு வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது. ஒரு வீட்டுத் திட்டத்துக்கு ‘டைரக்டர்’ என்ற ஒரே தலைமை மென்பொருள்தான். அது ஒரு கன்ட்ரோலரில் (அங்கே புராசசருக்கு இதுதான் பெயர்) ஓடும், மற்ற கன்ட்ரோலர்கள் அதற்குக் கைகளாக இருக்கும். அங்கே ரிமோட் மூன்று பேரிடம் பேசுவதில்லை, ஒருவரிடம்தான் பேசுகிறது. உங்கள் மூன்று பெட்டிகளும் ஒரே நிறுவனத்துடையவை, வலைப்பின்னல் வழியாகப் பேசக்கூடியவை என்றால், மூன்று தனித்தனித் திட்டங்களாக இருப்பதை ஒரே திட்டமாக இணைப்பதே சரியான வழி. அறைகள் அந்த ஒரே கோப்புக்குள் மூன்று பிரிவுகளாக இருக்கும். பழைய கோப்புகளிலிருந்து துண்டு துண்டாக ஒட்டாமல் வெறும் தாளிலிருந்து தொடங்குங்கள். ஒட்டிய நிரலில் பழைய முகவரிகள் எங்கெங்கோ ஒளிந்திருக்கும். அவற்றைத் தேடும் நேரத்தில் புதிதாகவே எழுதிவிடலாம்.

வெவ்வேறு நிறுவனப் பெட்டிகள் என்றால் ஒன்றைத் தலைவராக்கி, மற்ற இரண்டையும் அது இயக்கும் சாதனங்களாக நடத்துங்கள். தலைவர் ஆர்எஸ்-232 என்ற கம்பி இணைப்பு வழியாகவோ ஐபி எனப்படும் வலைப்பின்னல் வழியாகவோ ‘படத்தைத் தொடங்கு’ என்று ஒரு செய்தி அனுப்ப, மற்ற பெட்டி தன்னுள் இருக்கும் மேக்ரோவை ஓட்டும். இது அழகான தீர்வு அன்று. ஆனால் நிலையாக நிற்கும்.

ஜிக்பீ என்ற கம்பியில்லா வலைமுறை வழி பேசும் ரிமோட் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது ஒரு நேரத்தில் ஒரே வலையில்தான் உறுப்பினராக இருக்க முடியும். மூன்று புராசசர்கள் மூன்று தனி ஜிக்பீ வலைகளை நடத்தினால், ரிமோட்டை மூன்றிலும் சேர்க்க எந்த நிரல் தந்திரமும் உதவாது. ஒரே வலை, ஒரே தலைவர் என்று மாற்றத்தான் வேண்டும். ஜிக்பீ 2.4 கிகாஹெர்ட்ஸில் 11 முதல் 26 வரை 16 அலைத்தடங்களில் இயங்குகிறது. அதே பரப்பில்தான் வைஃபையும் இருக்கிறது. உங்கள் ரவுட்டர் 1, 6, 11 ஆகிய தடங்களில் ஒன்றில் இருந்தால், ஜிக்பீக்கு 15, 20, 25 போன்ற இடைவெளித் தடங்களைக் கொடுப்பது நல்லது. லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு சொல்: லாஜிடெக் 2021ஆம் ஆண்டில் அந்த ரிமோட்களின் உற்பத்தியை நிறுத்திவிட்டது, புதிதாகத் தொடங்கும் வேலையை அதன்மேல் கட்டவேண்டாம்.

கருவிகளிடம் பேச எமிட்டரை விட்டுவிட்டு வலைப்பின்னலுக்கு மாற முடிந்தால் மாறிவிடுங்கள். அறைக் குழப்பம் அங்கே தானாகவே தீர்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு ரிசீவருக்கும் தனி ஐபி முகவரி இருக்கிறது. ஒரே மாடல் பத்து இருந்தாலும் கவலையில்லை. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்கள் 23ஆம் போர்ட்டில் (கருவிக்குள் கட்டளை நுழையும் எண்ணிட்ட வாசல்) எளிய எழுத்துக் கட்டளைகளைக் கேட்கும். ஆன்கியோ 60128ஆம் போர்ட்டில். யமஹாவின் பல ரிசீவர்கள் 50000இல். இவை திரும்பவும் பேசும்: ஒலி எவ்வளவு, எந்த உள்ளீடு, விழித்திருக்கிறதா என்பதெல்லாம் புராசசருக்குத் தெரியும். ரவுட்டரில் ஒவ்வொரு கருவிக்கும் மாறாத முகவரியை ஒதுக்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், ரவுட்டரை அணைத்துப் போட்ட ஒருநாள் கூடத்து ரிசீவரின் முகவரி பட அறை ரிசீவருக்குப் போய், நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவீர்கள். பழைய ரிசீவர்கள் சில ஒரே நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே ஏற்கும் என்பதால், இரண்டு புராசசர்கள் ஒரே ரிசீவரைப் பிடிக்கும்படி எழுதாதீர்கள். காத்திருப்பு நிலையிலும் வலைப்பின்னலைக் கேட்கும் அமைப்பை ரிசீவரின் மெனுவில் இயக்கிவையுங்கள். இல்லையென்றால் அணைந்த ரிசீவரை எழுப்ப முடியாது.

ஒலியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் பட்ட அனுபவம் இருக்கிறது. உறவினர் வீட்டில் இப்படி ஓர் இரண்டறை அமைப்பை எழுதிக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் ‘கூட்டத் தொடங்கு’ என்றும், விட்டால் ‘நிறுத்து’ என்றும் ரிமோட் செய்தி அனுப்பும்படி வைத்திருந்தேன். ஓர் இரவு அவர் பொத்தானை அழுத்தியபடியே அடுத்த அறைக்கு நடந்திருக்கிறார். ‘நிறுத்து’ என்ற செய்தி வந்து சேரவில்லை. ஒலி உச்சத்துக்குப் போயிற்று. உறங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. அன்றிலிருந்து தொடங்கு, நிறுத்து என்ற முறையை நான் எழுதுவதே இல்லை. விரல் அழுத்தியிருக்கும்வரை ஒவ்வொரு படியாகக் கட்டளை வரவேண்டும். கால் விநாடி எதுவும் வராவிட்டால் புராசசர் தானாகவே நிறுத்திவிடவேண்டும். அதோடு ரிசீவரின் மெனுவிலேயே ஒலிக்கு உச்சவரம்பு வையுங்கள். ஒவ்வொரு மேக்ரோவின் தொடக்கத்திலும் ஒலியைக் குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கொண்டுவரும் கட்டளையைச் சேருங்கள். டெனான், மராண்ட்ஸ் கட்டளை முறையில் 80 என்ற எண் 0 டெசிபெலைக் குறிக்கும். 50 என்று அனுப்பினால் −30 டெசிபெலில் தொடங்கும். இரவுப் பொழுதுக்கு அது போதும்.

இனி ரிமோட்டின் திரை. முதல் பக்கத்தில் மூன்று அறைப் பெயர்கள் மட்டும் இருக்கட்டும். அறையைத் தொட்ட பிறகே மற்றப் பக்கங்கள் திறக்கவேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அறையின் பெயர் பெரிதாகத் தெரியவேண்டும். ஒலி, ஒலிநிறுத்தம், அம்புக்குறி போன்ற நிலையான பொத்தான்கள் எந்த அறைப் பக்கம் திறந்திருக்கிறதோ அந்த அறைக்கே பேசவேண்டும். ரிமோட் எந்த அறையில் இருக்கிறது என்று தானாகவே ஊகிக்க வைக்கும் யோசனை கேட்பதற்கு நன்றாக இருக்கும். நான் அதை ஏற்பதில்லை. பத்தில் ஒன்பது முறை சரியாக ஊகிக்கும் ரிமோட், பத்தாவது முறை உறங்குபவர் அறையில் தொலைக்காட்சியை இயக்கும். அறையைத் தொடுவது ஒரு விநாடி வேலை. இருபது நிமிடம் யாரும் தொடாவிட்டால் ரிமோட் தானாக அறைப் பட்டியலுக்குத் திரும்பட்டும். மறதியில் பழைய அறைக்குக் கட்டளை போவது அதனால் பெரிதும் குறையும். அணைக்கும் பொத்தான் அந்த அறையை மட்டும் அணைக்கவேண்டும். வீடு முழுவதையும் அணைப்பது தனிப் பக்கத்தில், இரண்டு விநாடி அழுத்தினால்தான் வேலை செய்யும்படி இருக்கவேண்டும். ஒருவர் உறங்கப்போகும்போது இன்னொருவர் பார்த்துக்கொண்டிருக்கும் படம் நின்றுபோகக் கூடாது.

மேக்ரோக்களில் ‘இயக்கு’, ‘அணை’ என்ற தனித்தனிக் கட்டளைகளையே பயன்படுத்துங்கள். பல கருவிகளின் ரிமோட்டில் ஒரே பொத்தான் இருந்தாலும், உள்ளே இரண்டு தனிக் கட்டளைகளையும் கருவி புரிந்துகொள்ளும். மென்பொருளின் தரவுத்தொகுப்பில் அவை கிடைக்கும். விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாகும் நேரத்திலும் குளிரும் நேரத்திலும் பெரும்பாலான கட்டளைகளைக் கேட்காது. அதனால் உள்ளீட்டை மாற்றும் கட்டளையை மேக்ரோவின் கடைசியில், போதுமான காத்திருப்புக்குப் பிறகு வையுங்கள். அணைக்கும்போது பல புரொஜெக்டர்கள் ‘உறுதியா?’ என்று திரையில் கேட்டு இரண்டாவது அழுத்தத்துக்குக் காத்திருக்கும். ஒரு விநாடி இடைவெளியில் இருமுறை அனுப்பவேண்டும்.

எச்டிஎம்ஐ கம்பி வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று எழுப்பும் சிஇசி வசதி, புராசசரோடு அடிக்கடி மோதும். தொலைக்காட்சியை அணைத்தால் ரிசீவரையும் அணைத்துவிடும். புராசசரோ ரிசீவர் விழித்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். முடிந்தால் அதை அணைத்துவிடுங்கள். தொலைக்காட்சியின் ஒலியை அதே கம்பி வழியாக ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி வசதியைப் பயன்படுத்துபவர்களால் பெரும்பாலும் அதை முழுவதும் அணைக்க முடியாது. அவர்கள் மின்கட்டுப்பாட்டுப் பகுதியை மட்டும் மெனுவில் நிறுத்தலாம்.

சோதனையை ஓர் அறையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். மூன்று அறைகளையும் இயங்க வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒருவரை நிறுத்தி, வீட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். நீங்கள் அழுத்தாத அறையில் ஏதாவது அசைந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள். ரேடியோ வீச்சு குறைவாக இருந்தால், உணரும் பெட்டியை இரும்பு அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, எல்இடி விளக்கின் மின்மாற்றியிலிருந்தும் தொலைக்காட்சியின் முதுகிலிருந்தும் தள்ளி, சற்று உயரத்தில் வையுங்கள். பலமுறை அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

யூஆர்சி, ஆர்டிஐ, கன்ட்ரோல்4 போன்றவற்றின் முழு நிரலாக்க மென்பொருள் பொதுவாக அவற்றின் முகவர்களுக்கே கிடைக்கும். அதனால் மேலே சொன்னவற்றில் சிலவற்றை நிறுவியவரை அழைத்துத்தான் செய்யவேண்டியிருக்கும். அழைக்குமுன் ஒரு தாளில் மூன்று அறைகளையும், ஒவ்வொன்றிலும் உள்ள கருவிகளையும், அவை எமிட்டர், ஐபி, ஆர்எஸ்-232 ஆகியவற்றில் எதன் வழியாகப் பேசுகின்றன என்பதையும், எந்த முகவரி என்பதையும் எழுதிவையுங்கள். வேலை முடிந்ததும் நிரலின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரிமோட்டில் ஏற்றிய கோப்பைத் திரும்பவும் திருத்தக்கூடிய வடிவில் வெளியே எடுக்கப் பல அமைப்புகளில் வழி கிடையாது. அவருடைய கணினி பழுதானாலோ அவர் தொழிலை விட்டாலோ, அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதவேண்டியிருக்கும். கோப்பை அந்தத் தாளோடு சேர்த்து வீட்டில் வையுங்கள். கருவிகளோடு வந்த மூல ரிமோட்களையும் தூக்கி எறியவேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ரிசீவரின் அடையாள எண்ணை மாற்றுவதற்கே சில மாடல்களில் அந்த மூல ரிமோட் தேவைப்படும்.